விட்டுப்போன பக்கம்

காலையில் பேப்பர் வந்து வாசலில் விழுந்ததுமே பெயிண்டருக்கும் அதில் எழுதுகிற பேப்பர்காரனுக்கும் சண்டை தொடங்கிவிடும். பேப்பர்காரன் அந்த வீட்டில் இல்லை என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, மேசைமேல் பேப்பரை விரித்து, அதில் ஒட்டியிருக்கும் சிவப்பு டேப்பை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார்.

"இவனுங்களுக்கு எழுதவே தெரியல. பாரு, 'லாரி மோதியதில் காயம்'னு ஆரம்பிக்கிறான். எந்த லாரி, எங்க மோதுச்சு, யாருக்குக் காயம், ஒண்ணும் கெடையாது. அடுத்த வரி 'என்று கூறினார்'. யாருடா கூறினாரு? தலையை வெட்டிட்டு முண்டத்தை மட்டும் அச்சடிச்சுக் குடுக்கிறானுங்க."

"இப்ப எல்லாப் பேப்பரும் அப்பிடித்தாங்க" என்பாள் அவர் மனைவி, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"படிச்சவன் எழுதற லட்சணமா இது? நான் சுவத்துல பாதி அடிச்சிட்டுப் பாதியை விட்டா வீட்டுக்காரன் விடுவானா?"

"விடமாட்டாங்க."

பேப்பர்காரன் முழுசாகத்தான் எழுதியிருந்தான். இடது ஓரத்தில் ஒட்ட வேண்டிய சிவப்பு டேப்பைப் பக்கத்தின் நட்டநடுவில் ஒட்டியவள் அவள்தான். அவர் எழுந்திருப்பதற்கு முன்பே எழுந்து, பேப்பரைப் பிரித்து, ஒட்டி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல அடுப்படிக்குப் போய்விடுவாள். திருடிக்குக்கூட அவ்வளவு படபடப்பு இருக்காது.

போன கோடையில் ஒரு மாடி வீட்டு வெளிச்சுவரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சாரத்துப் பலகை புரண்டு பெயிண்டர் கீழே விழுந்தார். விழுந்தவர் முழுக்க மணல்மேல் விழுந்திருந்தால் கதையே வேறு. தலை மட்டும் செங்கல் அடுக்கில் போய் மோதியது. ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்த மனிதர், பிழைத்தது மட்டுமில்லை, எழுந்து நடந்து வீட்டுக்கே வந்துவிட்டார். கை கால் கெட்டி. வாய் அதைவிடக் கெட்டி. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "மறுபிறவி" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

என்ன குறைந்திருக்கிறது என்பதே வீட்டுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. சவரம் செய்துகொண்டு வருவார், முகத்தில் வலது பாதி வழுவழுவென்றும் இடது பாதி முள்ளாகவும் இருக்கும். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, "இந்த நிலையை யாரு நகர்த்தி வெச்சது" என்பார். அவள் இடது பக்கமிருந்து டீயை நீட்டினால் பேயைக் கண்டதுபோலத் தூக்கிவாரிப் போடும்.

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடிபட்டவர்களுக்குப் பார்வைப் பயிற்சி கொடுக்கிற இடம் அதே கட்டடத்தில் பின்பக்கம் இருந்தது. அங்கே ஒரு நடுவயதுப் பெண். பெயிண்டர் முதல் நாளே அவளுக்குக் 'கண் டீச்சர்' என்று பட்டம் கட்டிவிட்டார்.

"கண்ணுல கோளாறு இல்லம்மா" என்று டீச்சர் இவளைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள். "கண்ணு பார்த்ததை மூளையில வாங்கற இடத்துலதான் அடி. ரெண்டு கண்ணுலயுமே இடது பாதி போயிருச்சு."

"அந்தப் பக்கம் இருட்டா தெரியுமா டீச்சர்?"

"இருட்டா தெரிஞ்சா அவரே சொல்லியிருப்பாரே. அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியல. உங்க முதுகுக்குப் பின்னால இப்ப இருட்டாவா இருக்கு? ஒண்ணுமே இல்லல்ல? அவருக்கு இடது பக்கம் அப்பிடி."

"சரியாயிருமா?"

"போன பார்வை திரும்பி வரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. ஆனா தேடப் பழக்கலாம். தலையைத் திருப்பி, தாடை இடது தோள்கிட்ட வர்ற வரைக்கும் திருப்பிப் பார்க்கணும். எல்லாத்துக்கும் இடது ஓரத்துல சிவப்பு டேப் ஒட்டுங்க. பேப்பர், மேசை, கதவு நிலை எல்லாத்துலயும். சிவப்பைப் பார்க்காம வேலையை ஆரம்பிக்கவே கூடாது, அதான் சட்டம். அவரு தேடித் தேடித்தான், அந்தப் பக்கமும் ஒரு உலகம் இருக்குன்னு மூளை ஒத்துக்கும். பாவம்னு நீங்க எடுத்துக் குடுத்தீங்கன்னா மூளை எதுக்கு மெனக்கெடப் போகுது?"

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். கடையில் இரண்டு சுருள் சிவப்பு டேப் வாங்கினாள். டீச்சர் சொன்னபடி அங்குலம் பிசகாமல் ஓரத்தில்தான் ஒட்டினாள், ஆரம்பத்தில்.

பெயிண்டர் சிவப்பைத் தேடுவார். பேப்பரின்மேல் குனிந்து கண்ணை அலையவிடுவார். கண் ஒரு இடம்வரை போய் நிற்கும், அதற்குமேல் பேப்பரே இல்லை என்று திரும்பி வந்துவிடும். "இல்ல. நீ ஒட்ட மறந்துட்ட" என்பார். "இருக்குங்க, இன்னும் திரும்புங்க" என்பாள். "இல்லங்கறேன், இருக்கு இருக்குங்கற" என்று குரல் ஏறும். ஒருநாள் வெகுநேரம் தேடினார். வியர்த்துக் கொட்டியது. திடீரென்று உள்ளங்கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார், ஆபரேஷன் செய்த அதே பக்கத்தில். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் பலத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

மறுநாள் விடிகாலையில் டேப்பை இரண்டு விரல்கடை உள்ளே தள்ளி ஒட்டினாள். அவருக்கு அகப்படவில்லை. அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் உள்ளே. ஒருநாள் அகப்பட்டுவிட்டது. "இந்தா இருக்கு" என்று சொல்லி அவர் சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு சிரிப்புக்காக எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. கொஞ்ச நாள் கழித்து மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். ஆனால் கெட்ட பழக்கமெல்லாம் அப்படி நாளைக்கு விட்டுவிடலாம் என்று ஆரம்பிப்பதுதானே.

டீச்சரிடம் மாதம் ஒருமுறை போனார்கள். "வீட்ல நல்லா பண்றாருன்னு சொல்றீங்க, இங்க தாளைக் குடுத்தா பாதியை விட்டுர்றாரே" என்று டீச்சர் நெற்றியைச் சுருக்கினாள். "இங்க வந்தா அவருக்குப் பதட்டம் டீச்சர்" என்றாள் இவள். பொய் சொல்லிப் பழகாத நாக்கு, எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது என்று அவளுக்கே ஆச்சரியம்.

மழைக்காலம் வந்தது. மழையில் வெளிச்சுவர் வேலை நடக்காது, உள்வேலைதான். அவளுடைய தம்பியும் பெயிண்டர்தான், மாமாவிடம் தொழில் கற்றுக்கொண்டு, இப்போது சொந்தமாகச் சின்னச் சின்ன வேலை எடுத்துச் செய்கிறவன். அவனுக்கு 'உப்புத்தாள்' என்று பெயர். பெயிண்டுக்கு முன்னால் சுவரில் பட்டி பூசிக் காய்ந்ததும் சொரசொரப்பை எடுக்கத் தேய்ப்பார்களே, அந்த உப்புத்தாள். யாரிடம் பேசினாலும் தோல் உரியப் பேசுவான் என்பதால் மாமா வைத்த பெயர்.

"வீட்ல உக்காந்து பேப்பர்காரனைத் திட்டிட்டிருக்கறதுக்கு எங்கூட வாங்க மாமா. என்னையத் திட்டுங்க. எனக்காவது காதுல விழும்" என்று அவன் ஒருநாள் வந்து கூப்பிட்டான்.

"உன் வேலையைப் பார்த்தா திட்டாம என்ன செய்யறது? நீ பட்டி பார்க்கற சுவத்துல கோழி கிளறின மாதிரியில்ல இருக்கும்."

"அதான் வாத்தியாரைக் கூப்பிடறேன்."

"ஏணி ஏற விடுவியா?"

"தரையில நின்னு எட்டற வரைக்கும் நீங்க, அதுக்கு மேல நானு. உங்க உசரத்துக்கு அதுவே கூரை வரைக்கும் வந்துரும்."

போனார். சாயங்காலம் மழையில் நனைந்து, தலைமுடியில் இளம்பச்சைப் பொட்டுக்களோடு திரும்பி வந்தார். டர்பன்டைன் வாசனையோடு அவர் வாசலில் நின்றபோது அவளுக்குப் பழைய மனிதரே வந்து நிற்பதாகத் தோன்றியது. இரண்டு அவித்த முட்டையும் ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "கை மறக்கல. ரோலரைப் பிடிச்சதும் அதுவா போவுது" என்று சொல்லிவிட்டு, படுத்ததும் தூங்கிப்போனார். மழைக்காலம் முழுக்க இப்படித்தான் போனது. வீட்டில் சண்டை இல்லை. அவளும் இஸ்திரி போடும்போது முணுமுணுவென்று பாட ஆரம்பித்துவிட்டாள்.

மழை விட்டு வெயில் அடித்த மூன்றாம் நாளே மேஸ்திரி வந்துவிட்டார். பெயிண்டர் விழுந்தபோது அந்த வேலையை நடத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். அந்தக் குற்ற உணர்ச்சியில் பழத்தோடு வருவார். இந்த முறை வேலையோடு வந்தார்.

"பெரிய கட்டடம். நாலு பக்கமும் வெளிச்சுவரு. சாரம் கட்டிட்டிருக்காங்க. உன்னைய மாதிரி ஒரு கை இருந்தா எனக்கு நிம்மதி. ஆனா உன் உடம்பு எப்பிடின்னு நீதான் சொல்லணும்."

"உடம்புக்கு என்ன? மழை முழுக்க மச்சினன்கூட வேலை பார்த்திருக்கேன். ஒரு சுவத்துல ஒரு குத்தம் சொல்லச் சொல்லு பார்ப்போம்."

"அது தரையில நின்னுக்கிட்டு செஞ்ச வேலைப்பா. பலகைமேல நிக்கணும்ல. உன் கண் டீச்சரு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் ஏத்திக்கறேன்."

"அவங்களும் சொல்லுவாங்க. பேப்பரை வரிவிடாம படிக்கிறேன். கேட்டுப் பாரு" என்று மனைவி பக்கம் திரும்பினார். "சொல்லேன்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். உப்புத்தாளும் அங்கேதான் கதவோரம் நின்றிருந்தான். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் யாருடைய சட்டையோ கிடந்தது. அவள் பெட்டியை நகர்த்தாமல் ஒரு கணம் நின்றாள்.

"படிக்கிறாரு" என்றாள்.

கருகும் வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினாள். சட்டைக் காலரில் பழுப்பாக ஒரு தடம் விழுந்துவிட்டிருந்தது.

மேஸ்திரியை வழியனுப்பப் பெயிண்டர் தெருமுனைவரை போனார். அவர் போன பின்னும் உப்புத்தாள் போகவில்லை. வழக்கமாக அவன் ஒரு இடத்தில் சும்மா நிற்கிறவன் இல்லை. இன்றைக்குக் கதவிலிருந்த பழைய பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றான்.

"அக்கா, நீ வேணான்னு சொல்லிரு" என்றான்.

"நான் எதுக்குடா சொல்லணும்? நீதான கூட வேலை பார்க்கற. உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதுனாலதான் சொல்றேன்."

"என்ன தெரிஞ்சுது?"

அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "அவரு ஒரு சுவரை முடிச்சேன்னு சொல்லிட்டு ரோலரைக் கீழ வெப்பாரு. இடது ஓரம் ஒரு கதவு அகலத்துக்கு அப்பிடியே கெடக்கும். சொல்லலாம்னு வாயைத் தெறந்தேன் மொத நாளு. அவரு சுவத்தையே பார்த்துக்கிட்டு நின்னாரு அக்கா, பெத்த புள்ளையைப் பார்க்கற மாதிரி. எனக்கு வாய் வரல. சாப்பிடப் போங்கன்னு அனுப்பிட்டு நான் அடிச்சிட்டேன்."

"ஒரு நாளா?"

"எல்லா நாளும்."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எவ்ளோ பெரிய வேலை பண்ணியிருக்கடா. அவரு இப்ப சரியாயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு மேல ஏறப் போறாரு. அறிவு இருக்கா உனக்கு? மாமாவைக் கொல்லப் பார்க்கறியா?"

"உன்கிட்டதான் வீட்ல நல்லா படிக்கிறாரே. நீதான மேஸ்திரிகிட்ட சொன்ன. அதைக் கேட்டதும், ஒருவேளை படிக்கறதுக்குத் தெரியுது, சுவத்துக்குத்தான் தெரியலபோலன்னு நானே நெனச்சேன்."

அவள் உள்ளே போய் அன்றைய பேப்பரை எடுத்து வந்து அவன் முன்னால் மேசையில் போட்டாள். அவன் நடுவில் ஓடிய சிவப்புக் கோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் பேப்பரைப் பார்த்தான்.

"நல்ல குடும்பம்" என்றான் கடைசியில். "ஒருத்தருக்கொருத்தர் தெரியாம சேர்ந்து குழி வெட்டியிருக்கோம்."

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் தேற்றவில்லை. தேற்றுகிற நிலைமையில் அவனும் இல்லை.

"இப்ப என்னடா பண்றது?"

"டீச்சர்கிட்ட சொல்லிரலாம். அவங்க வேணான்னுருவாங்க."

"அவங்க வேணான்னா இவரு கேக்க மாட்டாரு. பேப்பரும் படிக்கிறேன், சுவரும் அடிக்கிறேன், அவங்களுக்கு என்ன தெரியும்னு ஏறிருவாரு. நாமதான ஏணி வெச்சுக் குடுத்தோம். அவரு கண்ணால பார்த்தாத்தான் நம்புவாரு."

"அவரு கண்ணுக்குத்தான் அது தெரியாதே அக்கா."

இல்லாததை எப்படிக் காட்டுவது? விட்டதே தெரியாதவருக்கு விட்டதை எங்கே நிறுத்திக் காட்டுவது? வெகுநேரம் யோசித்தபின், "அவரு நேரா நின்னு பார்க்கறதாலதான தெரியல?" என்றாள். "மூலைக்கே கூட்டிட்டுப் போயி, அந்த விட்ட எடத்துக்கு எதிர்ல நிறுத்தினா?"

மறுநாள் உப்புத்தாள் வேலை பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் கடைசி அறை. வீட்டுக்காரர்கள் இன்னும் குடிவரவில்லை. பெயிண்டர் மத்தியானம்வரை ஒரு சுவரை அடித்து முடித்தார். உப்புத்தாள் அதைத் தொடவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் அங்கே போனபோது, பெயிண்டர் கவிழ்த்துப் போட்ட டப்பாமேல் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சன்னல் வழியாக வெயில் நேராகச் சுவரில் விழுந்திருந்தது. இளம்பச்சை பளபளவென்று ஈரமாக இருந்தது. இடது ஓரத்தில், உச்சியிலிருந்து தரைவரை, பட்டி பூசிய சாம்பல் வெள்ளை அப்படியே மொட்டையாகக் கிடந்தது. தம்பி சொல்லித் தெரிந்திருந்தும், அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தாள்.

"வா வா. எப்பிடி இருக்கு சொல்லு" என்றார் பெயிண்டர்.

"முடிஞ்சுதாங்க?"

"பார்த்தா தெரியல? மூலைக்கு மூலை."

"எங்கூடக் கொஞ்சம் வாங்களேன்."

"எதுக்கு?"

"வாங்க."

கையைப் பிடித்து அவரை அறையின் இடது மூலைக்கு அழைத்துப் போனாள். பக்கத்துச் சுவர் அவருடைய இடது தோளுக்கு வரும்படி நிறுத்தினாள். தோளைப் பிடித்துத் திருப்பினாள். இப்போது அந்த மொட்டைச் சுவர் அவருக்கு நேர் எதிரிலும் வலப்பக்கத்திலும் இருந்தது.

"இப்பப் பாருங்க."

பார்த்தார். முகம் சிவந்தது.

"டேய். இங்க வாடா. இது யாரு வேலை?" என்று மச்சினனைப் பிடித்துக்கொண்டார். "எவனோ கத்துக்குட்டியை வெச்சு இந்தச் சுவரை ஆரம்பிச்சுட்டு பாதில விட்டிருக்க. ஒரு சுவத்தை ரெண்டு நாள்ல ரெண்டு கையால அடிச்சா ஒட்டுத் தெரியும்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வீட்டுக்காரன் வந்து பார்த்தா காறித் துப்பமாட்டானா? நாலு எழுத்துப் படிக்காட்டியும் தொழிலாவது படிச்சியேன்னு இருந்தேன். அதுலயும் மண்ணு."

உப்புத்தாள் வாயே திறக்கவில்லை. சொல்லுக்குச் சொல் பதில் வைத்திருக்கிறவன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். திட்டிக்கொண்டே போன பெயிண்டருக்கு அந்த மௌனம்தான் உறைத்தது. பேச்சை நிறுத்தினார். குனிந்து, பச்சை முடிந்து பட்டி தொடங்குகிற ஓரத்தைப் பார்த்தார். விரலை வைத்தார். விரலில் ஈரம் ஒட்டியது.

நீளக் கம்பில் மாட்டிய ரோலரைக் கூரையோரத்தில் வைத்து, நடுவில் எங்கேயும் நிறுத்தாமல், எடுக்காமல், தரைவரை ஒரே இழுப்பாக இழுத்து முடிப்பது அவருடைய வழக்கம். மற்றவர்கள் இடுப்பளவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குவார்கள். அந்த இடத்தில் ஒரு தழும்பு விழும். இந்த ஓரத்தில் தழும்பு இல்லை. மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்ததுபோல இறங்கியிருந்தது.

"இது என் இழுப்பு" என்றார்.

விரலிலிருந்த பச்சையை இன்னொரு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னைக்கு அடிச்சது."

"ஆமா மாமா."

"மத்த சுவரெல்லாம்?"

"நீங்க சாப்பிடப் போனதும் நான்..."

"எல்லாமா?"

"எல்லாந்தான் மாமா."

அவர் மெதுவாகத் திரும்பினார். அவள் அவருக்குத் தெரிகிற பக்கமாகத்தான் நின்றிருந்தாள். அவன்மேல் மட்டும் பழி நிற்கக் கூடாது என்று அவளுக்குத் துடித்தது.

"நானும்தாங்க" என்றாள். "பேப்பர்ல டேப்பை நடுவுல ஒட்டினேன். உங்களுக்கு அகப்படணும்னு. நீங்க அன்னைக்கு சிரிச்சீங்க. அதுக்கப்புறம் என்னால தள்ளி ஒட்ட முடியல."

பெயிண்டர் விரலிலிருந்த பச்சையைத் துணியில் துடைத்தார். பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்:

"அப்ப பேப்பர்காரன் முழுசாத்தான் எழுதினானா?"

அவள் தலையாட்டினாள். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

டப்பாமேல் போய் உட்கார்ந்தார். கையிலிருந்த துணியை விரித்து, மடித்து, மறுபடி விரித்தார்.

"நான் சாரத்துல ஏறியிருந்தா, பலகை எங்க முடியுதுன்னு அங்க வந்து டேப் ஒட்டியிருப்பியா?"

"தப்புதாங்க."

"அடிபட்டுக் கெடந்தப்ப நான் ஒண்ணும் அழல. என்ன போச்சுன்னு எனக்கே தெரியாது. நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கிட்டே என்னைய நடிக்க வெச்சிருக்கீங்க. நான் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், கை மறக்கலன்னு." அவர் குரல் உடைந்தது. "எல்லாரும் சிரிச்சிருப்பானுங்க."

"யாரும் சிரிக்கல மாமா" என்றான் உப்புத்தாள்.

"நீ வாயை மூடு."

கொண்டுபோன தூக்கை அவள் திறக்கவே இல்லை.

அதன் பிறகு வீட்டில் பேச்சே நின்றுபோனது. மேஸ்திரிக்கு அவரே போன் செய்து, "நான் வரல, வேற ஆளைப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. வீட்டிலிருந்த டேப் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பிய்த்தார். கடைக்குத் தானே போய்ப் புதுச் சுருள் வாங்கி வந்தார். போகும்போது தெருவில் நின்ற ஒரு சைக்கிளை இடித்துத் தள்ளியதாக எதிர்வீட்டுக்காரி வந்து சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டாள். துணைக்குப் போகக் கால் பரபரத்தும் போகவில்லை.

மேசையில் கையை வைத்து, இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போய், மரம் முடிந்து விரல் வெறும் காற்றில் விழுகிற இடத்தில் டேப்பை ஒட்டினார். பேப்பருக்கும் அப்படித்தான். கண்ணால் முடியாத ஓரத்தைக் கையால் தடவிப் பிடித்தார். ஒட்டி முடித்துவிட்டு உட்கார்ந்து அதைத் தேடுவார். ஒட்டியது தான்தான் என்று தெரியும், எங்கே என்றும் தெரியும், ஆனாலும் கண் அங்கே போகாது. தலை பாதிவழியில் நின்றுவிடும். பெருமூச்சு விட்டு மறுபடியும் வலக்கோடியிலிருந்து ஆரம்பிப்பார். இஸ்திரி மேசையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று நாக்குநுனி வரைக்கும் வரும். பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒத்தாசை செய்யாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. பேப்பர்காரனை அவர் இப்போதெல்லாம் திட்டுவதில்லை. அந்த வசவு கேட்காத காலை அவளுக்கு என்னவோபோல இருந்தது.

டீச்சரிடம் போகும் நாள் வந்தது. வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார், அத்தனை நாளில் முதல்முறையாக அவளிடம் நேராக:

"நீ உள்ள வராத. நான் பேசிக்கிறேன். நான் வெளிய வந்தாலும் நீ வாயைத் தெறக்காத. இங்க இருக்கேன் அங்க இருக்கேன்னு கூப்பிடற வேலையே வேணாம்."

"சரிங்க."

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் நீளமான நடை. பயிற்சி அறையிலிருந்து வெளியே வருகிறவருக்கு இடப்பக்கம், கதவிருக்கும் சுவரோரமாகவே பெஞ்சு. வாசல் வலப்பக்கம், நடையின் கோடியில். அவளுக்குப் பக்கத்தில் தலையில் கட்டுப்போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கதவு மூடியிருந்தது. உள்ளே டீச்சரின் குரலும் அவர் குரலும் மாறி மாறிக் கேட்டன. வார்த்தை புரியவில்லை. என்ன சொல்லிக்கொண்டிருப்பார், எல்லாவற்றையும் சொல்வாரா, டீச்சர் தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று அவள் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இனி இந்த மனிதர் தன்னை நம்பவே மாட்டாரோ என்பதுதான் அது.

கதவு திறந்தது. பெயிண்டர் வெளியே வந்து அறைப் படியில் நின்றார். அவள் எழுந்து நின்றாள். கைநீட்டினால் அவர் சட்டையைத் தொட்டுவிடலாம். அவர் நேரே பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். நடையில் அவள் இல்லை.

"எங்க போயிட்டா" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு வலப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

கட்டுப்போட்ட பெரியவர் பதறி, தாழ்ந்த குரலில், "அம்மா, உங்க வீட்டுக்காரருதான? உங்களை விட்டுட்டுப் போறாரு பாருங்க" என்றார். அவள் பெரியவரை நோக்கிக் கையைக் காட்டி அடக்கினாள். அவர் விழித்தார். பெயிண்டர் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு அடிக்கும் அவளுக்கு ஒரு கூப்பாடு வாய்வரை வந்தது. அதை விழுங்கினாள்.

பாதி நடையில் அவர் நின்றார். திரும்பி வந்தார். அதே கதவு, அதே படி. அங்கே நின்று தலையை இடப்பக்கம் திருப்ப ஆரம்பித்தார். பாதியில் தலை நின்றது. வழக்கம்போல அதற்குமேல் உலகம் இல்லை. மறுபடி தலையை வலப்பக்கம் கொண்டுபோய், மறுபடி திருப்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. இந்த முறை நிறுத்தவில்லை. தாடை தோளைத் தொட்டது.

அவள் நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. துடைத்தால் அசைவில் காட்டிக் கொடுத்ததாகிவிடுமோ என்று பயம்.

அவர் பார்வை அவள் தோளில் பட்டு, முகத்துக்கு ஏறி, அங்கேயே நின்றது.

"இங்கயேவா நின்ன?"

"ஆமாங்க."

"கூப்பிடல?"

"இல்லங்க."

ஒரு கணம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வழக்கம்போல அவருடைய வலப்பக்கம் வந்துவிடக் காலெடுத்து வைத்தாள்.

"வராத" என்றார். "அங்கயே நில்லு. நான் வர்றேன்."